இரண்டு படி

என் பிசியோதெரபி கிளினிக் சுவரில், கையை மேலே ஏற்றிப் பழகும் விரல் ஏணியின் பதினெட்டாம் படிக்கு நேராக ஒரு பென்சில் கோடு இருக்கிறது. மேஜையில் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஒப்பந்தம் மூன்று வாரமாகக் கிடக்கிறது. அதைப் பிரிக்கும்போதெல்லாம் கண் கோட்டுக்குத்தான் போகிறது.

கோடு போட்டவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். மேல்கை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருந்தார்கள். சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. நின்று, கம்பெனியின் குரூப் பாலிசிக்கு மாறியவர். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் செலவுதான் அதில் கிடைக்கும். 2020-இல் வந்த ஆரோக்ய சஞ்சீவனியிலும் அதே 60தான். தோளை அசைக்கக் கூடாத முதல் வாரங்களும் அதற்குள் அடக்கம். இருபதாம் படியைத் தொட்டால் தானே கொண்டை போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன். கடைசி நாள் பதினெட்டில் நின்றது. பென்சிலை வாங்கிக் கோடு போட்டார். "ரெண்டு படிதானே சார், வீட்லயே பாத்துக்கறேன்."

காசு வேண்டாம், வாங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாடகை ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் அப்பாவின் கை பிரஸ்ஸில் மாட்டியது. வாராவாரம் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு நானும் போவேன். டாக்டர் காலண்டரைப் பார்க்க மாட்டார். தன் இரண்டு விரலை நீட்டி, "பிடிங்க, அழுத்துங்க" என்பார். பிடி போதாவிட்டால் இன்னொரு வாரம் எழுதுவார். வேலையில் பட்ட காயத்துக்கு, இயலாமை நீடிக்கும்வரை பணம் உண்டு. அப்போதிருந்த 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் அப்படி. ஆனால் கைக்குப் பயிற்சி கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை. அப்பாவின் மோதிர விரல் கடைசிவரை மடங்கவில்லை. சோறு பிசையும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்த விரலால்தான்.

ஒப்பந்தத்தில் ஒரு சிட்டிங்குக்கு நான் வாங்குவதில் பாதி. எத்தனை சிட்டிங் என்பது அவர்கள் அனுமதி. கையெழுத்துப் போட்டால் பூந்தமல்லியிலிருந்துகூட ஆள் வரும். முக்கால் மணி நேரம் இருபது நிமிஷமாகும். ஒருவருக்கு மெஷினை மாட்டிவிட்டு அடுத்தவரிடம் ஓடுவேன். நாள் முடிந்தது என்பதையும் இனி நானே என் வாயால் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால், கையில் காசில்லாதவர் முதல் படிக்கே வர மாட்டார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர், கோடு இருக்கும் இடத்தையும் அடிச்சிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த அம்மாவின் நம்பர் போனில் இருக்கிறது. கொண்டை போட முடிகிறதா என்று கேட்க வேண்டும். முடியவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன பதில் சொல்வேன் என்று தெரியாமல், இன்னும் கூப்பிடவில்லை.