புகழும் பொறுப்பும்

கோல் அடிப்பவனை உலகம் நினைவில் வைத்திருக்கும். கோல் விழாமற் காப்பவனை எளிதில் மறந்துவிடும். தடுக்கப்பட்ட கேடு கண்ணுக்குத் தெரிவதில்லையாதலின், பின்கள வீரனின் உழைப்புப் பெரும்பாலும் பெயரற்ற உழைப்பாகவே போய்விடுகின்றது. இதற்கு விலக்காக அமைந்தவர்களுள் ஒருவர் ஸ்பானிய உதைபந்தாட்ட வீரர் கார்லெஸ் புயோல். 1999 முதல் 2014 வரை பார்சிலோனாக் கழகத்துக்கே ஆடி ஓய்வுபெற்ற அவரை, இணையத்தில் இன்றும் இளைஞர் கொண்டாடுகின்றனர்.

2010ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியில், ஜேர்மனிக்கு எதிராகத் தலையால் முட்டி அவர் அடித்த வெற்றிக் கோல் மட்டும் இதற்குக் காரணமன்று. 2011இல் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது, ஈரலிற் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை பெற்று மீண்டிருந்த தோழர் அபிடாலிடம் தலைவருக்குரிய கைப்பட்டியைக் கொடுத்து, அவரையே கிண்ணத்தை உயர்த்தச் செய்தார். 2012இல் ராயோ வயெக்கானோ அணியை 7 கோல்களால் வென்ற ஆட்டத்தில், கோல் அடித்து நடனமாடிய தம் அணியினரைத் தாமே சென்று தடுத்தார். தோற்பவனுக்கும் மானம் உண்டென்பதை அவர் மறக்கவில்லை. மக்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பவை இக்காட்சிகளே.

ஆயினும், 2022 ஒக்டோபரில் நிகழ்ந்ததொன்றையும் நாம் மறைத்தலாகாது. தாம் தன்பாலீர்ப்பாளர் எனும் செய்தியொன்று அவருடைய பழைய தோழர் இக்கேர் கசியாஸின் டுவிட்டர் கணக்கில் வெளியாயிற்று. நம் கதையைச் சொல்லும் காலம் வந்துவிட்டது எனும் பொருள்படப் புயோல் விளையாட்டாக மறுமொழி எழுதினார். கணக்கிற் பிறர் ஊடுருவினர் எனக் கசியாஸ் பின்னர் கூறினார். புயோலோ மன்னிப்புக் கோரினார். 2021இல் தம் தன்பாலீர்ப்பை வெளிப்படையாக அறிவித்திருந்த அவுஸ்திரேலிய வீரர் ஜோஷ் கவாலோ, இப்பரிகாசத்தை அவமதிப்பென்று கண்டித்தார்.

நல்லவரொருவரின் தவற்றை அவர் புகழ் சிறிதாக்குமா, பெரிதாக்குமா? பெரிதாக்கும் என்பதே நம் கருத்து. உடைமாற்றும் அறையில் தன்னை மறைத்து வாழும் சிறுவனுக்கு, யாரோ ஒருவரின் சிரிப்பு வெறும் சிரிப்பு. அவன் போற்றும் தலைவரின் சிரிப்போ ஒரு தீர்ப்பு. தீய நோக்கம் இல்லை என்பது சொன்னவரின் மனத்தை விளக்கலாம். கேட்டவரின் காயத்தை ஆற்றாது. மேலும், புகழ் தனிமனிதனின் ஈட்டம் மட்டுமன்று. எண்ணற்ற மக்களின் நேரமும் அன்பும் திரண்டு உருவான பொதுச் சொத்து அது. பொதுச் சொத்தைக் கையாள்பவன் பொதுமக்களுக்குக் கடமைப்பட்டவன். அம்மக்களுள் சிறுபான்மையினரும் அடங்குவர்.

இத்தகைய வேளைகளில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. 'வெறும் பகிடிதானே' என்று தள்ளிவிடுவோர் ஒரு சாரார். முன் செய்த நன்மை முழுவதையும் பொய்யென்று எறிந்துவிடுவோர் மறுசாரார். முன்னையோர் மனிதனைத் தெய்வமாக்குகின்றனர். பின்னையோர் அவன் திருந்தும் வாயிலை அடைக்கின்றனர். நேர்மையான வழியை ராயோ ஆட்டத்தில் புயோலே காட்டியிருந்தார். தம் அணியினர்மீது கொண்ட அன்பு, அவர்களைத் தடுப்பதற்குத் தடையாகவில்லை. அவரை நேசிப்போர் அவரிடமிருந்து கற்க வேண்டியதும், அவரிடத்தே செய்ய வேண்டியதும் அதுவே.