திறவுகோல் யார் கையில்?

வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் உள்ள பழுதுபார்க்கும் கடைகளில் பழைய இணைய ரவுட்டர்கள் குவிந்து கிடக்கும். அவற்றுட் பல பழுதானவையல்ல. செய்த கம்பெனி புதிய மென்பொருள் வழங்குவதை நிறுத்திவிட்டது, அவ்வளவே. வேறோர் இயங்குதளத்தை ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஏற்ற விடுவார்களா என்பதே கேள்வி.

மின்சாரம் பாய்ந்ததும் இத்தகைய கருவியில் முதலில் விழிப்பது பூட்லோடர் என்னும் மிகச் சிறிய நிரல். நினைவகத்தை ஆயத்தம் செய்து, குறித்த இடத்திலுள்ள இயங்குதளத்தை எழுப்பிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். மேசைக் கணினிக்குள்ள வசதிகள் பெரும்பாலும் இதற்கு இல்லை. இந்த வறுமையை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை எஸ்.டி. அட்டையிலிருந்து மட்டுமே தொடங்கிற்று; எனினும் அட்டையில் எதை எழுதுவதென்பதை வாங்கியவனே தீர்மானித்தான்.

பூட்டு வேறு. கம்பெனியின் கையொப்பமற்ற எதனையும் எழுப்பாதே என்ற கட்டளையைச் சில்லினுள் ஒருமுறை எரித்துவிட்டால் பின்னர் மாற்றவியலாது. கள்ள நிரல் நுழையாதிருக்கவே இது என்கின்றனர். அதில் உண்மை உண்டு. பூட்டில்லாத வீட்டில் நாமும் குடியிருக்க மாட்டோம். ஆனால் வீட்டை விற்றவன் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதுண்டா? பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியின் உழும் உரிமையைக் காக்க முனைந்தது. தான் குத்தகைக்காரன் என்பதை அவனாவது அறிந்திருந்தான். முழுவிலை கொடுத்த நகரவாசியோ தன்னை உடைமையாளன் என்றே நம்புகிறான்!

லினக்ஸைத் தன் ரவுட்டரில் பயன்படுத்திய லிங்க்சிஸ், உரிமத்தின் நிபந்தனைப்படி 2003இல் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. அதிலிருந்தே 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. 2007இல் வந்த அவ்வுரிமத்தின் மூன்றாம் பதிப்பு, வீட்டுக் கருவிகளில் மாற்றிய நிரலை ஏற்றுவதற்கான சாவியையும் கொடு என்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. லினக்ஸின் கரு இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. ஆகவே நிரல் எல்லார்க்கும் திறந்திருக்க, கருவி பூட்டப்பட்டிருக்கும் விந்தை தொடர்கிறது.

2022இல் டொலரின்றி நாடு தவித்து, இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது, பழைய கருவியின் அருமை மாணவர் வீடுகளுக்குத் தெரிந்தது. நம் நாட்டுக்கு வரும் ரவுட்டர்களுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். ஆதரவு நின்ற நாளிலேயே சாவியை ஒப்படைக்கவேண்டும் என்ற நிபந்தனையை அங்கே சேர்ப்பதற்குப் புதிய இலாகா எதுவும் தேவையில்லை.