ஓவியத்துக்கு முதுகு இல்லை

லீட்ஸ் கலைக்கூடத்தில் அந்த ஓவியத்தின் முன் முதல்முறை நின்றபோது என்னையறியாமல் ஓரடி பின்வாங்கினேன். உயரம் ஒரு மீட்டர். அகலம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சட்டத்துக்குள்ளிருந்து சாம்பல் நிறக் குதிரைகள் நேராக என் நெஞ்சை நோக்கிப் பாய்ந்து வந்தன. விரிந்த நாசிகள், மிரண்ட கண்கள், தரையைத் தொடாத குளம்புகள். மேலே கரடித்தோல் தொப்பி அணிந்து வாளை ஓங்கியவர்கள், வாய் பிளந்து கத்துகிறார்கள்.

எலிசபெத் தாம்சன், மணமான பின் லேடி பட்லர், 1881-இல் வரைந்த ‘ஸ்காட்லாந்து ஃபாரெவர்!’ அது. 1815 ஜூன் 18, வாட்டர்லூ. ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற குதிரைப்படை, நெப்போலியனின் காலாட்படை மீது பாய்கிற கணம்.

நான் மான்செஸ்டரில் முப்பது வருடம் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவன். மெழுகுக் கத்தி, சின்ன டிரில், அரம் இவற்றோடு பழகிய கைக்கு ஓய்வு பிடிக்கவில்லை. அந்த ஓவியத்தை அப்படியே சின்ன உருவங்களாகச் செய்து ஒரு பலகையில் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். கால் பாதத்திலிருந்து கண் வரை 28 மில்லிமீட்டர் உள்ள குதிரை வீரர்கள், பதினான்கு பேர்.

கடையில் கிடைக்கும் குதிரைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் பார்ப்பதற்கென்று செய்யப்பட்டவை. என் குதிரைகளோ எதிரே நிற்பவனைப் பார்க்க வேண்டும். ஆகவே கழுத்தை அறுத்தேன். அறுத்த இரண்டு முகத்திலும் துளையிட்டு, பித்தளைக் கம்பி செருகி, தலையைத் திருப்பி ஒட்டினேன். இடைவெளியை மஞ்சளும் நீலமுமாக வரும் எபாக்ஸியைப் பிசைந்து நிரப்பினேன். பிசைந்தால் பச்சையாகிவிடும் அது. ஒன்றரை மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கும். அதற்குள் ஈரமான மெழுகுக் கத்தியால் பிடரி மயிரைக் கீறிவிட வேண்டும். வீரர்களின் கைகளைத் தோளில் வெட்டி உயர்த்தினேன். மூடியிருந்த வாய்களை டிரில்லால் திறந்தேன்.

நிறம் பூசுவதில்தான் முதல் பாடம் கிடைத்தது. முதல் மூன்று குதிரைகளுக்கு வெள்ளையில் துளி கறுப்பு கலந்து ஒரே பூச்சாகப் பூசினேன். பீங்கான் பொம்மை போல இருந்தன. சாம்பல் குதிரை வெள்ளையாகப் பிறப்பதில்லை. கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வருடத்துக்கு வருடம் வெளுத்துக்கொண்டே வரும். உள்ளே தோல் கறுப்பாகவே இருக்கும்; மூக்கு நுனியிலும் கண்ணோரத்திலும் அது தெரியும். இளங்குதிரைக்குத் தொடையில் வட்ட வட்டமாகப் புள்ளி விழும். ஆக, ஒரு சாம்பல் குதிரைக்கு நிறம் தீட்ட வேண்டுமானால் முதலில் அதன் வயதை முடிவு செய்ய வேண்டும். மூன்றையும் அலசி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இது ஆறு வயது, இது பத்து, இது கிழம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பூசினேன். அதன் பிறகு அவை வெறும் உருவங்களாக எனக்குத் தெரியவில்லை.

எட்டாவது குதிரையில் கை நின்றது. முன்பக்கம் முடிந்துவிட்டது. திருப்பினேன். பின்பக்கம் என்ன பூசுவது?

ஓவியத்தில் அது இல்லை. எதிரிலிருந்து பார்த்து வரைந்த படத்தில் ஒருவனுடைய முதுகும் தெரியாது. ஓவியத்துக்கு முதுகு தேவைப்படுவதில்லை. மூன்று பரிமாணத்தில் செய்கிறவன் அப்படி விட்டுவிட முடியாது. சேணத்தின் பின்னே கட்டிய பை, இடுப்பில் தொங்கும் துணிப்பை, நீலம் பூசிய வட்டமான மரத் தண்ணீர்க்குடுவை எல்லாவற்றையும் படைச் சீருடை நூல்களைப் புரட்டிச் செய்தேன். அந்தக் குடுவையைத் தீட்டும்போது ஒன்று உறைத்தது. முன்னால் பார்த்தால் இடி போல வருகிற அதே ஆள், பின்னால் பார்த்தால் தண்ணீரும் ரொட்டியும் கட்டிக்கொண்டு கிளம்பிய ஆள்.

சாப்பாட்டு மேசையில்தான் என் வேலை. என் மனைவி எதிர்ப்பக்கம் உட்காருவார். அவர் பார்ப்பது எப்போதும் அந்தக் குதிரைகளின் பின்பக்கத்தைத்தான். ஒரு நாள் ராத்திரி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: “ஏங்க, இவங்கள்ல எத்தன பேர் திரும்பி வந்தாங்க?”

படையில் சுமார் 400 பேர் இருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் அன்று செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். எதிரியின் காலாட்படையைச் சிதறடித்ததோடு நிற்காமல், பள்ளத்தாக்கைத் தாண்டி பீரங்கிகள் வரை ஓடிவிட்டார்கள். மூச்சு வாங்கி நின்ற குதிரைகள் மீது பிரெஞ்சு ஈட்டிப் படை வந்து விழுந்தது. படையின் தலைவர் கர்னல் ஹாமில்டன் திரும்பவில்லை. கிரேஸ் உட்பட மூன்று குதிரைப்படைகளுக்கு மேலே இருந்த ஜெனரல் பொன்சன்பியும் திரும்பவில்லை. இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. கொலையை எங்கே நின்று பார்க்கிறோம்?

லேடி பட்லர் போரை நேரில் கண்டதே இல்லை. அதற்குப் பதிலாகப் படைப் பயிற்சியின்போது, பாய்ந்து வரும் குதிரைகளுக்கு நேர் எதிரே போய் நின்று பார்த்தார். போரின் பெருமைக்காகத் தான் ஒருபோதும் வரைந்ததில்லை என்று பிற்பாடு எழுதினார். அவரை நான் நம்புகிறேன். 1874-இல் அவருக்குப் புகழ் தந்த ‘ரோல் கால்’ ஓவியத்தில் பனியில் குளிர்ந்து, காயம்பட்டு, வரிசையில் நிற்க முடியாமல் நிற்கிற சிப்பாய்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் குதிரைகளை வரைய அவர் நின்ற இடம் எது? வாட்டர்லூவில் அந்த இடத்தில் நின்றவன் பிரெஞ்சுக் காலாட்படைக்காரன். முந்தின ராத்திரி முழுக்க மழை. சேற்றில், ஆளுயரம் வளர்ந்த ரை பயிரை மிதித்துச் சரிவேறி வந்தவன். படத்தைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அவன் கண்ணால்தான் பார்க்கிறோம். வெட்டு விழப்போகிறவனின் இடத்தில் நின்று, வெட்ட வருகிறவனின் அழகில் மயங்குகிறோம். தலைப்பு நம்மை ஆர்ப்பரிக்கச் சொல்கிறது.

சார்ஜென்ட் சார்லஸ் எவர்ட் என்பவர் அந்தப் பாய்ச்சலில் பிரெஞ்சு 45-ஆம் படையின் கழுகுச் சின்னத்தைப் பறித்தார். அது இன்றும் எடின்பரோ கோட்டையில் இருக்கிறது. அவருடைய கல்லறையும் கோட்டை வாசலில் இருக்கிறது. கழுகுக்காக மூன்று பேரை வெட்டியதை அவரே கடிதத்தில் எழுதினார். முதலில் கொடி பிடித்தவன், பிறகு ஓர் ஈட்டிக்காரன், அதன் பிறகு ஒரு காலாட்படைக்காரன். எவர்ட்டின் பெயரை நான் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மூவருக்கும் பெயர் இருந்திருக்கும்.

இரண்டு சேனைக்கும் நடுவே தேரைக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னவன் அர்ச்சுனன். அங்கே நின்றதால்தான் அவனுக்கு முகங்கள் தெரிந்தன, வில் நழுவியது. கண்ணன் அவனுக்கு நீண்ட பதில் சொன்னான். சிறு வயதிலிருந்து அதை மரியாதையோடு கேட்டு வளர்ந்தவன் நான். ஆன்மா வெட்டப்படுவதில்லை என்பதை மறுக்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் பதிலைவிட அந்தக் கேள்வி எழுந்த இடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு பக்கம் மட்டும் நின்றிருந்தால் அர்ச்சுனன் கேட்டே இருக்கமாட்டான். அப்புறம், அந்தக் குதிரைகள். மூன்று வாரம் ஒரு குதிரையின் கண்ணோரத்தைப் பூசியவனுக்கு இது தெரியும்: குதிரைக்கு யாரும் கீதை சொல்லவில்லை. அது எந்தப் பக்கத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆறு வயதுக் குதிரையென்று நானே தீர்மானித்துத் தொடையில் புள்ளி வைத்தேனே, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு தர்மத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

அப்படியானால் இதைச் செய்யலாமா? கொலையை அழகாக்குகிறவன் அதில் பங்காளியா? பல மாதம் தூரிகையைத் தொடாமல் இருந்தேன். பெட்டியில் போட்டு மூடிவிடலாம் என்றும் நினைத்தேன். மூடுவதும் பார்க்காமல் இருப்பதுதான் என்று பிறகு பட்டது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும்போதுதான் அழகு பொய் சொல்கிறது. சுற்றி வந்து பார்க்க வைத்தால் அதே அழகு உண்மையைச் சொல்லும். இது நான் வந்து சேர்ந்த முடிவு. நீதிபதி கேட்டால் போதுமான நியாயமா என்று தெரியாது. எனக்குப் போதும்.

இன்னொரு சிக்கல் இருந்தது. அன்று கிரேஸ் படை இப்படி நாலுகால் பாய்ச்சலில் போகவில்லை. வேலியைக் கடந்து, தங்கள் காலாட்படையினரின் இடையே புகுந்து, சேற்றில், மிகக் குறைந்த தூரத்தில் எதிரியை முட்டினார்கள். குதிரையை ஓட்டமெடுக்க வைக்கவே இடம் இல்லை. பிரதி எடுப்பவன் யாருக்கு உண்மையாக இருப்பது, ஓவியருக்கா, அந்த நாளுக்கா? கால்களை நான் மாற்றவில்லை. பாய்ச்சல் அவருடைய கண். எதிரே நின்று அவர் உணர்ந்த நடுக்கம் அது. அதைத் திருத்தினால் அவரை ஏமாற்றியவன் ஆவேன்.

ஆனால் ஒன்றைச் சேர்த்தேன். ஓவியத்தின் சட்டம் முடிகிற இடத்துக்கு இந்தப் பக்கம், பலகையில் நான்கு விரல் அகலம் தரை கூட்டினேன். மிதிபட்ட பயிரை நட்டேன். அதில் ஒரு பிரெஞ்சுச் சிப்பாயை நிறுத்தினேன், நமக்கு முதுகு காட்டி, குதிரைகளைப் பார்த்தபடி. நைந்த மேலங்கி, முதுகில் மூட்டை. முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவன் முகம் தெரியாது. என்றாலும் மற்ற எல்லாரையும்விட அவன் முகத்துக்கே அதிக நாள் செலவிட்டேன். மேசையின் அந்தப் பக்கம் உட்காருகிறவர் குதிரைகளுக்கு நடுவே குனிந்து பார்த்தால் தெரியும். என் மனைவி பார்த்தார். “சின்னப் பையனா இருக்கானே” என்றார்.

ஓவியத்தின்படி அவன் அங்கே இருப்பது தவறு. எடுக்கப்போவதில்லை. பலகையைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்திருக்கிறேன். பெயர்ப்பட்டியில் ஓவியத்தின் தலைப்பை எழுதவில்லை. ‘1815 ஜூன் 18, பிற்பகல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.