சாட்சியும் துணையும்

பத்திரிகைக்குச் செய்தி எழுதிவரும் கல்முனைத் தங்கை ஒருத்திக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் நிபந்தனை ஒன்றுதான்: ஊர் ஊராய் அலையும் வேலை வேண்டாம். “அவரையும் புடிச்சிருக்கு நாநா, வேலையும் புடிச்சிருக்கு. நான் எதை விடுற?” என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. மேரி கொல்வின்தான் நினைவுக்கு வந்தார்.

சண்டே டைம்ஸ் பத்திரிகையின் அமெரிக்கச் செய்தியாளர் அவர். வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு அரசு அனுமதி மறுத்திருந்த வன்னிக்குள் நுழைந்து, உணவும் மருந்துமின்றித் தவித்த மக்களைப் பற்றி எழுதினார். 2001 ஏப்ரலில் இரவோடிரவாக வெளியேறும்போது, தான் ஒரு பத்திரிகையாளர் என்று உரக்கக் கூவிய பின்னரும் இராணுவத்தின் எறிகணைச் சிதறல் பாய்ந்தது. இடது கண்ணின் பார்வை போயிற்று. கறுப்புக் கண்மறைப்புடன் மீண்டும் போர்க்களங்களுக்கே போனார். 2012 பெப்ரவரி 22 அன்று, சிரியாவின் ஹோம்ஸ் நகரில் அரச படைகளின் குண்டுவீச்சில் உயிரிழந்தார்.

அவருடைய மணவாழ்வு நிலைக்கவில்லை. பேராசை குடும்பத்தைக் கெடுத்தது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் முதற் கணவர் பெட்ரிக் பிஷப்பும் போர்ச் செய்தியாளரே. காதலா, தொழிலா என்ற கேள்வி அவரைப் போன்ற ஆண்களைத் துரத்துவதில்லை. நம் ஊரிலும் கத்தாருக்குப் போய் ஆண்டுக்கணக்கில் இருப்பவனை நாம் குடும்பத்துக்காக உழைப்பவன் என்கிறோம். அதே பிரிவைப் பெண் ஏற்றால் குடும்பத்தை விட்டவள் என்கிறோம்.

இதனால் கொல்வினைப் புனிதராக்கத் தேவையில்லை. புகழாசை அவரிடமும் இருந்திருக்கலாம். போரின் நினைவுகள் அவரை நோயாளியாக்கிச் சிகிச்சைக்கு அனுப்பின. அவரை நேசித்தவர்களும் அதன் விலையைச் செலுத்தினார்கள். துணைக்கு நாம் பட்ட கடன், முகம் தெரிந்தவருக்குப் பட்ட கடன். சாட்சியம், முகம் தெரியாதவருக்குப் பட்ட கடன். ஒன்றைக் கொடுத்து மற்றதைத் தீர்க்க முடியாது.

சாட்சியத்தின் அருமையை நாம் அறியாதவர்களல்ல. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். யாராவது வந்து பார்க்கவேண்டும், உலகுக்குச் சொல்லவேண்டும் என்று ஏங்கிய சமூகம் நாம். அப்படி வருபவருக்கும் ஒரு வீடு உண்டு, வாசலில் காத்திருக்கும் ஒரு மனிதர் உண்டு என்று அன்று நினைத்தோமா? பிறர் வீட்டுப் பெண் வந்து நம் துயரை எழுதவேண்டும். நம் வீட்டுப் பெண் மட்டும் எங்கும் போகக்கூடாது என்பது நீதியாகுமா?

ஆகவே தராசில் வைத்துச் சமன்பார்க்கும் விடயமல்ல இது. ஒருவர் போகும்போது மற்றவர் காத்திருக்கச் சம்மதிக்கிறாரா என்பதே கேள்வி. அந்தச் சம்மதத்தை முற்கூட்டியே, ஒளிவுமறைவின்றிக் கேட்கும் கடமை போகிறவருக்கும் உண்டு.

அடுத்த முறை கண்டபோது தங்கையிடம் இதைத்தான் சொன்னேன்: “எதை விடுவது என்று என்னிடம் கேளாதே. அவர் கத்தாருக்குப் போனால் நீ காத்திருப்பாய். நீ போனால் அவர் காத்திருப்பாரா என்று அவரிடமே கேள்.”