எப்பவும் போல

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது அந்த மெசேஜ் வந்தது. "சார், இனிமே இந்த வேலையை நான்தான் பாத்துக்கிறேன். பழைய சார் ரிசைன் பண்ணிட்டாரு. திருத்தத்தை இன்னைக்கு நைட்டே அனுப்பிடுங்க, எப்பவும் போல."

எட்டு மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். முதலாமவர் போனிலேயே தொகையைப் பேசி முடித்தார். இரண்டாமவரோடு நல்ல பழக்கம். அவர் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், அவருக்காக ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு ராத்திரிதான் இப்போது 'எப்பவும் போல' ஆகியிருக்கிறது. ஆனால் முதலில் பேசிய தொகையைக் கேட்டால், "அது அவர் சொன்னது சார், ஃபைல்ல இல்லையே" என்கிறார்கள். நான் செய்த உதவிக்கு மட்டும் வாரிசு உண்டு, எனக்குத் தர வேண்டிய பணத்துக்கு இல்லை.

கொடுத்த வாக்கு யாருடையது? ஆளுடையதா, நாற்காலியுடையதா?

1906இல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், தினமணியில் வேலை பார்த்தவர். 1943இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் அங்கிருந்து வெளியேறியபோது அவரும் கூடவே வெளியேறினார். பிறகு சொக்கலிங்கம் தொடங்கிய தினசரியில் சேர்ந்தார். ஆள்தான் முக்கியம் என்பதற்கு அது ஒரு பதில். மாதச் சம்பளக்காரர் அப்படி எழுந்து போவதே பெரிய விஷயம். எனக்கோ எழுந்து போக அங்கே ஒரு நாற்காலியே கிடையாது.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. சலுகை ஆளுக்குச் செய்வது. அவர் போனால் அதுவும் போய்விடும். கடன் நாற்காலியுடையது, யார் வந்து உட்கார்ந்தாலும் அது நிற்கும். அப்படியென்றால் புதிதாக வந்த பெண்ணிடம் எரிந்துவிழ எனக்கும் உரிமை இல்லை. நிறுவனத்தின் கடனை ஓர் ஆளின் தலையில் கட்டுவதும் தப்புதானே.

என் பங்கும் இருக்கிறது. "இது உங்களுக்காக, இந்த ஒரு தடவை மட்டும்" என்று அன்றைக்கே ஒரு வரி அனுப்பியிருக்கலாம். நல்லா பழகுகிறவரிடம் கணக்கு பேசக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கான விலையை இப்போது இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி பதில் போட்டேன்: "இன்னைக்கு முடியாதுங்க. நாளைக்கு சாயந்திரம் தர்றேன். பேசின தொகை, எத்தனை திருத்தம், எந்த நேரத்துல கூப்பிடலாம் எல்லாத்தையும் மெயில்ல அனுப்பியிருக்கேன். உங்க மேலதிகாரிக்கும் போயிருக்கு."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. இந்த வேலையும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

பிறகு வந்தது: "சரி சார். எங்கிட்ட யாருமே இதெல்லாம் சொல்லல."