அயலார் தலையிடலாமா?

ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டால் அயல்நாடுகள் அதில் தலையிடலாமா? சட்டம் பயின்றோர் இறைமை என்னும் ஒரு சொல்லால் விடை கூறி முடித்துவிடுவர். திருகோணமலையில் வாழ்வோருக்கு அவ்விடை போதாது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என எங்கள் துறைமுகத்தை நாடி வந்தோர் எவரும் எங்கள் நலம் விசாரிக்க வந்தவரல்லர்.

1987 ஜூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையை மாணவர்கள் படிக்கவேண்டும். அன்றே அவர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களை அதைவிடக் கவனமாகப் படிக்கவேண்டும். திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைத்தேவைக்கும் விடப்படாது. பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து நடத்தும். ஊர் இருக்கிறது, ஊரவரைக் காணோம். அவர்களுக்கான வாக்குறுதி உடன்படிக்கையில் வேறோரிடத்தில் உண்டு: வடக்கோடு இணைந்திருப்பதா என்று கிழக்கு மாகாண மக்களிடம் 1988 முடிவதற்குள் வாக்கெடுப்பு நடைபெறும் என்பது அது.

அமைதி காக்க வந்த படை ஒக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கிற்று. அம்மாதமே யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் அப்படையினராற் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய்கள் கப்பலேறியதும் எங்கள் துறைமுகத்தில்தான். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மாண்டிருந்தனர். அவர்களும் எங்கோ ஒரு குடியானவன் பெற்ற பிள்ளைகளே.

ஆகவே அயலார் கைகட்டி நிற்பதே அறம் என முடிவுகட்டலாமா? என்னால் இயலவில்லை. தலையிடாமை என்று போற்றப்படும் நிலை இந்நாட்டில் என்றேனும் இருந்ததுண்டா? 1971 ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர் கிளர்ந்தெழுந்தபோது இந்தியாவும் பாகிஸ்தானும், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும், தம்முள் இருந்த பகையை மறந்து ஒரே அரசுக்கு இராணுவத் துணை புரிந்தன. அதற்கு உதவி என்று பெயர். (நம் இடதுசாரிப் பெருங்கட்சிகள் இரண்டும் அப்போது அந்த அரசிலேயே அமர்ந்திருந்தன என்பதை மறைப்பதற்கில்லை.) அரசின் கைக்குத் துப்பாக்கி கொடுத்தால் உதவி, அத்துப்பாக்கிக்கு முன் நிற்பவனுக்குச் சோறு கொடுத்தால் இறைமை மீறல்! 1987 ஜூன் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்தின்மீது இந்திய விமானங்கள் உணவுப் பொதிகளை வீசியபோது கொழும்பில் எழுந்த கூக்குரலை எண்ணிப் பாருங்கள். வீசியவரின் உள்நோக்கம் தூயதன்று. அதற்காக அரிசி நஞ்சாகிவிடுமா?

சோற்றைப் போன்றதே சாட்சியும். 2006 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். அரச படையினரே பொறுப்பு என்று பகிரங்கமாகச் சொன்னவர்கள், நோர்வே தலைமையில் வந்திருந்த, ஆயுதமற்ற போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள். 2008 ஜனவரியில் அவர்கள் பணி முடிந்தது. செப்டெம்பரில் ஐ.நா. ஊழியரும் வன்னியைவிட்டு அகன்றனர். ஆயுதம் தந்த நாடுகள் மட்டும் அகலவில்லை. எறிகணைகள் ஒருபுறமும், வெளியேற விடாத புலிகள் மறுபுறமுமாக, 2009இல் முள்ளிவாய்க்காலில் மக்கள் சாட்சியின்றி மடிந்தனர்.

கொலைக்கருவி தருவதை நிறுத்துவதே அயலாரின் முதற்கடன் என்பேன். உணவுக்கும் மருந்துக்கும் சாட்சிக்கும் எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை. படை வேறு. மக்களை மீட்கவென்று வரும் கையாலேயே துறைமுகத்துக்கும் பத்திரம் எழுதிக்கொள்ளும் நாட்டுக்குப் படை அனுப்பும் உரிமை கிடையாது.

2022 ஜனவரியில் அத்தாங்கிகள் பற்றிப் புதிய ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகின. 99இல் 61 கூட்டு நிறுவனமொன்றிடம் சேர்ந்தன. கடிதத்தின் வரி முப்பத்தைந்தாம் ஆண்டிலேனும் உயிர்பெற்றது. வாக்கெடுப்போ ஆண்டுக்காண்டு ஒத்திவைக்கப்பட்டு, 2006இல் உயர் நீதிமன்றம் வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாதெனத் தீர்த்தபின் பேச்சற்றுப் போயிற்று.