அடைக்கலத் தாய்மை: பற்றா, அருளா?

தமிழ் அகப்பாடல்களில் தலைவிக்குத் தாயர் இருவர். ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தோழி என்பவள் செவிலியின் மகள் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். தலைவி தலைவனுடன் சென்றுவிட்டால் நற்றாய் மனைக்கண் இருந்து புலம்புவாள். சுரத்திடை நடந்து, எதிர்வருவோரை வினவித் தேடிச் செல்பவள் செவிலி. ஈன்றவளுக்குப் புலம்பலையும் வளர்த்தவளுக்கு நடையையும் நம் முன்னோர் பங்கிட்டு வைத்தனர் போலும்!

ஆயினும் செவிலி அம்மனைக்கு உரியவள். குடியாலும் ஊராலும் யாதொரு தொடர்பும் இல்லாத ஒருத்தி ஒரு பெண்ணுக்குத் தாயாகி நிற்பதைச் சிலப்பதிகாரம் விரித்துக் காட்டுகிறது. கண்ணகிக்கு அங்ஙனம் தாயானவர் இருவர். ஒருவர் நம் சமயத் துறவியாகிய கவுந்தியடிகள்; மற்றவர் ஆயர்குல முதுமகள் மாதரி. பற்றனைத்தும் விடுவதாக நோன்பேற்ற ஒருவர் பிறர் மகளைத் தம் மகளாகக் கொள்ளலாமோ என்னும் வினா கவுந்தியடிகளால் எழுகிறது.

இவ்வினா ஏட்டோடு நிற்பதன்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து வந்து, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை எனத் தென்சென்னைப் புறநகர்களில் குடியமர்ந்த நம் குடும்பங்களில், உறவினர் மகளைத் தம் இல்லத்தில் வைத்துப் படிக்கவைத்த பெரியம்மாக்களும் அத்தைமாரும் பலர். தாயை இழந்த பெண் குழந்தை ஒன்றை ஏற்க வேண்டிவரும்போது மட்டும், விரதங்களை மேற்கொண்டபின் மீண்டும் ஒரு பற்றா என்ற தயக்கம் நல்லோர் வாயிலிருந்தும் வருவதுண்டு. அதனை எள்ளி ஒதுக்குவதற்கில்லை. பற்றே வினைக்கட்டின் வாயில் என்பதை அறிந்தோரின் தயக்கம் அது.

கவுந்தியடிகள் புகார்க்கு அப்பால் ஒரு பள்ளியில் தவமிருந்தவர். மதுரையில் அறவுரை கேட்கும் விருப்பத்தால் கோவலன் கண்ணகியருடன் புறப்பட்டார். வயல்வழியே செல்லுங்கால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கக்கூடும் என எச்சரித்து நடந்தவர் அவர். அத்துணை விழிப்புடையவர் வழியில் சினந்த இடம் ஒன்றுண்டு. காவிரியின் தென்கரைச் சோலையில் பரத்தை ஒருத்தியும் அவளுடன் வந்த வீணன் ஒருவனும் உடன் வருவோர் யார் என வினவ, தம் மக்கள் என்றார் அடிகள். ஒரு வயிற்றுப் பிறந்தோர் கணவனும் மனைவியுமாய் வாழ்வதுண்டோ என அவர்கள் நகைத்தனர். கண்ணகி செவிகளைப் பொத்தி நடுங்கினாள். அடிகள் அவ்விருவரும் நரிகளாகுமாறு சபித்தார். கோவலனும் கண்ணகியும் இரந்து வேண்டிய பின்னரே சாபத்துக்குப் பன்னிரண்டு திங்கள் எல்லை வகுத்தார்.

இதனைத் தவத்தின் ஆற்றலுக்குச் சான்றாகப் போற்றுவோர் பலர். நாம் காண்பது வேறு. தம் மக்கள் என்ற சொல் வாயிலிருந்து வந்த சற்று நேரத்துள் சினமும் வந்துவிட்டது. விருப்புள்ள இடத்தில் வெறுப்பு ஒளிந்திருக்கும் என ஆசாரியர்கள் ஓயாது உரைப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? இளங்கோவடிகள் இதனை மறைக்கவில்லை. அச்சினத்தைத் தணிக்க இரந்தவர்களுள் அப்பெண்ணும் இருந்தாள் என்பதையும் மறைக்கவில்லை.

மதுரைப் புறஞ்சேரியில் அடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். நீராட்டி, மையெழுதி, கூந்தலில் மலர் சூட்டி, தூய ஆடை உடுத்தி, இவளுக்குத் தோழியரும் காவலும் தாயும் நீயே ஆகுக எனப் பணிக்கிறார். அதனோடு நில்லாமல் ஒரு கதையும் சொல்கிறார். சாயலன் என்னும் வணிகன் மனையில் ஒரு முனிவர் உணவு கொண்டார். கருங்குரங்கு ஒன்று வந்து அவர் உண்டு எஞ்சியதை உண்டு, அவரை அன்புடன் நோக்கியது. அதனை மக்களைப்போல் பேணுமாறு மனைக்கிழத்தியிடம் கூறினார் முனிவர். அவளும் அவ்வாறே வளர்த்தாள். அது இறந்த பின்னும், தானம் செய்யும்போது அதன் நலம் கருதி ஒரு பங்கு ஒதுக்கினாள். அக்குரங்கு வாரணாசியில் உத்தரகௌத்தன் என்பானுக்கு மகனாய்ப் பிறந்து, தானங்கள் புரிந்து, 32 ஆண்டுகள் வாழ்ந்து, தேவனாயிற்று. தான் பெற்ற சிறப்பெல்லாம் தன்னைக் காத்தவளின் தானப்பயன் என்பதைக் காட்ட, தேவ உருவிலும் ஒரு கையை மட்டும் குரங்கின் கையாகவே வைத்துக்கொண்டது.

ஒரு பெண்ணை ஒப்படைக்கும் வேளையில் குரங்கின் கதை எதற்கு எனப் படிப்போர் மயங்குவர். வளர்க்கப்படும் உயிர் யாருடையது, எக்குலத்தது, எவ்வுடம்பினது என்ற வினாக்கள் யாவும் அக்கருங்கையின்முன் நிற்கமாட்டா. மற்றொன்றும் கருதத்தக்கது. கதையில் வளர்த்தவள் இல்லறத்தாள். முனிவர் வளர்ப்பவளைக் காட்டிக்கொடுத்தார். கவுந்தியடிகளும் அதனையே செய்தார்.

மாதரி திருமாலைத் தொழும் குடியினள். கோவலனும் கண்ணகியும் சாவக நோன்பினர். தன் மகள் ஐயையைத் துணைவைத்து, அந்நோன்புக்கு ஏற்ற உணவைக் கண்ணகியே ஆக்கிக்கொள்ள நல்ல கலங்களையும் காய்கனிகளையும் அரிசியையும் பாலையும் நெய்யையும் அளித்தாள் அம்முதுமகள். தன் வீட்டு வழக்கத்துக்கு அப்பெண் மாறவேண்டும் என்று அவள் எண்ணவில்லை. இரவுண்ணா நோன்புடைய பெண்ணை விடுதியில் சேர்த்துவிட்டு வருந்தும் பெற்றோர்க்கு இதன் அருமை புரியும்.

ஆஸ்திரிய நாட்டு இம்ஸ்ட் நகரில் 1949-இல் எர்மன் கிமைனர் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராம முறை நம் தாம்பரத்திலும் வேரூன்றியது. அம்முறையில் வீடுதோறும் ஒரு தாய். பிள்ளைகள் உடன்பிறந்தாராய் வளர்வர். அவர்களுள் எவரையும் அவள் ஈன்றவள் அல்லள். சட்டம் இவ்வளவு விரைந்து நடக்கவில்லை. ஜைனர்க்கும் உரிய 1956-ஆம் ஆண்டின் இந்து மகவேற்புச் சட்டத்திற்கு முன்னர், பொதுவாக ஆண்மகவையே தத்தெடுக்க இயலும். மணமான பெண் தன் பெயரால் மகவேற்கும் உரிமை பெற்றது 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தால். சட்டத்தின் கண்ணுக்கு அதுவரை தந்தையே ஏற்பவர். தாய் இசைவு தருபவள் மட்டுமே. மணிமேகலைக் காப்பியத்திலோ, மாதவி தான் ஈன்ற மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்றே கூறுகிறாள்!

கோவலன் கொலையுண்ட பின் நேர்ந்தவற்றை நீர்ப்படைக் காதையில் மாடலன் சொல்கிறான். அடைக்கலத்தை இழந்தேன் என அரற்றி மாதரி தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் சினந்தார், பாண்டியனும் உயிர்நீத்தான் என அறிந்து சினம் ஆறினார், இவர்களின் வினை தம்மோடு சேர்ந்து வந்தோ பயன்தந்தது என வருந்தி, உண்ணா நோன்பால் உயிர்துறந்தார்.

இதனைச் சல்லேகனை எனக் கூறி அமைந்துவிடுவது எளிது. நாம் தயங்குகிறோம். நீக்கவியலா இடையூறு, பஞ்சம், முதுமை, தீராப்பிணி ஆகியவை நேர்ந்தவிடத்து, அன்பும் பகையும் பற்றும் விடுத்துத் தூய மனத்தோடு மேற்கொள்ளுவது அது என்பது சமந்தபத்திர ஆசாரியர் வகுத்த நெறி. அடிகளின் முடிவில் துயரம் கலந்திருக்கிறது. அத்துயரின் வேர் பற்று. ஆகவே அவருக்கு வினைக்கட்டு நேரவில்லை என்று நாம் வாதிட மாட்டோம். நேர்ந்தது. ஆனால் நண்டுக்கும் நத்தைக்கும் இரங்கிய கால்கள், மெல்லடி நோவ நின்ற கண்ணகியைக் கடந்து தனியே சென்றிருந்தால், அதனைப் பற்றின்மை என்று எந்த ஆசாரியர் ஒப்புவார்? அபயதானம் கொடுப்பவர்க்கும் இழப்பு உண்டு. அவ்விழப்பை அறிந்தே கொடுத்தவர் கவுந்தியடிகள் என்பது நம் கருத்து. விரதம் ஏற்ற மூதாட்டியரிடம் இவ்வழியைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை.

வரந்தரு காதையில் சிறுமியர் மூவர் வருகின்றனர். வஞ்சியில் அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்களாய்ப் பிறந்தவர்கள் கண்ணகியை ஈன்றவளும் கோவலனை ஈன்றவளும். சேடக்குடும்பியின் சிறுமகளாய்ப் பிறந்தவள் மாதரி. இப்பிறப்புகளுக்குக் காரணம் கூறும் மாடலன், ஈன்ற தாயர்க்கும் மாதரிக்கும் காதல் என்ற ஒரே சொல்லை ஆள்கிறான். மாதரி ஆடிய குரவையும் உடன் கூறப்படுகிறது என்பது உண்மை. எனினும் பெற்றெடுத்தவளின் அன்புக்கும் சின்னாள் காத்தவளின் அன்புக்கும் அவன் வேறு அளவு வைக்கவில்லை. கவுந்தியடிகளின் மறுபிறப்பைப் பற்றி இளங்கோவடிகள் யாதும் கூறவில்லை.

கமண்டல நீர் தெளிக்கப்பட்டதும் அச்சிறுமியர்க்குப் பழம்பிறப்பு நினைவுக்கு வருகிறது. ஒருத்தி மகளை அழைத்து அழுகிறாள். ஒருத்தி மகனை அழைத்து அழுகிறாள். மூன்றாமவள், வையைத் துறைக்குப் போய்த் திரும்பினேன், வீட்டில் காணவில்லையே, எங்கே ஒளிந்தாய் என்று தேடுகிறாள்.